பேணுதல் வேறு, வஸ்வாஸ் வேறு: கைத்தொலைபேசி அலைகள் பற்றி

எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலுக்குப் பின்னால் கொஞ்சக் காணி சும்மா கிடக்கிறது. சென்ற வருடம் ஒரு தொலைபேசிக் கம்பனி அதில் கோபுரம் அமைக்க இடம் கேட்டு நம்பிக்கையாளர் சபைக்குக் கடிதம் அனுப்பியது. அவர்கள் தருவதாகச் சொன்ன மாத வாடகை, மத்ரஸாவின் இரண்டு முஅல்லிம்களுடைய சம்பளத்துக்குக் காணும். ஆனால் செய்தி வெளியில் வந்த அன்றே ஊர் இரண்டாகிவிட்டது. "புள்ளைகள் ஓதுற இடத்துக்குப் பக்கத்தில கதிர்வீச்சா?" என்று ஒரு சாரார். "உங்கட சட்டைப் பையில கிடக்கிறது என்ன?" என்று மறு சாரார்.

இஷாவுக்குப் பிறகு கூட்டம் வைத்தார்கள். முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் என்பதால் என்னை விளக்கம் சொல்லச் சொன்னார்கள். அலை, மீடிறன் என்று நான் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பின்வரிசையிலிருந்து என் சின்ன வயதுக் கூட்டாளி ஒருவர் எழும்பினார். இரண்டு வருடங்களுக்கு முன் மனைவியை மூளைக் கட்டிக்குப் பறிகொடுத்தவர். பிரதான வீதியிலுள்ள பழைய கோபுரம் அவருடைய வளவுக்கு நேர் பின்னால் நிற்கிறது. சபை என்பதால் மரியாதையாகத்தான் கேட்டார்.

"மாஸ்டர், உங்கட கணக்கெல்லாம் சரியா இரிக்கும். என்ட பொஞ்சாதிக்கு வருத்தம் வந்தது அந்த டவராலதான் எண்டு நான் நினைக்கிறன். இல்ல எண்டு நீங்க அடிச்சிச் சொல்லுவீங்களா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. கூட்டமும் முடிவில்லாமல் கலைந்தது. அன்றிரவு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது என்ன அலை?

கைத்தொலைபேசியும் கோபுரமும் ஒன்றோடொன்று கதைப்பது மின்காந்த அலைகளால். வானொலி அலையும், நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும், வைத்தியசாலையில் எடுக்கும் எக்ஸ் கதிரும் ஒரே குடும்பம்தான். ஒரு செக்கனில் எத்தனை தடவை துடிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதற்குத்தான் மீடிறன் என்று பெயர். 900 மெகாஹேர்ட்ஸ் கைத்தொலைபேசி அலை செக்கனுக்கு 90 கோடி தடவை துடிக்கிறது. கேட்கப் பெரிய எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் நமது வீட்டு மின்குமிழின் வெளிச்சம் அதைவிட ஐந்து இலட்சம் மடங்கு அளவில் வேகமாகத் துடிக்கிறது.

இந்த மீடிறன் ஏன் முக்கியம்? மின்காந்த அலை தன் சக்தியைச் சிறுசிறு பொட்டலங்களாகத்தான் கொடுக்கிறது என்று 1905இல் ஐன்ஸ்டைன் காட்டினார். மீடிறன் கூடினால் பொட்டலம் பெரிது; குறைந்தால் சிறிது. நமது உடம்பின் அணுவிலிருந்து ஓர் இலத்திரனைப் பிடுங்கி எறிய ஒரு பொட்டலத்திலேயே போதிய சக்தி இருக்கவேண்டும். எக்ஸ் கதிரிலும், அணுக்குண்டிலிருந்து வரும் காமாக் கதிரிலும் அது தாராளமாக இருக்கிறது. அதனால்தான் அவை நம் கலங்களிலுள்ள மரபணுவை நேரடியாக உடைத்துப் புற்றுநோய்க்கு வழி வைக்கின்றன. அவற்றை அயனாக்கும் கதிர்வீச்சு என்கிறோம். 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் ஒரு பொட்டலத்தில் இருக்கும் சக்தியோ அதற்குத் தேவையானதில் இருபத்தைந்து இலட்சத்தில் ஒரு பங்குகூட வராது.

மரத்தில் தொங்கும் மாங்காயை விழுத்த ஒரு கல் போதும். பஞ்சை உருட்டி ஆயிரம் தடவை எறிந்தாலும் மாங்காய் அசையாது. 'கதிர்வீச்சு' என்ற ஒரே சொல் கல்லுக்கும் பஞ்சுக்கும் பொதுவாகப் போனதுதான் நம் பயத்தில் பாதி. ஹிரோஷிமாவையும் செர்னோபிலையும் நாம் கேள்விப்பட்டதும் அந்தச் சொல்லால்; கோபுரத்தைப் பற்றிக் கேள்விப்படுவதும் அதே சொல்லால்.

அப்படியானால் இந்த அலை உடம்பை ஒன்றுமே செய்யாதா? செய்யும். சூடாக்கும். நுண்ணலை அடுப்பில் சோறு சூடாவதும் இதே குடும்பத்து அலையால்தான். ஆனால் அந்த அடுப்பு மூடிய பெட்டிக்குள்ளே 800 வாற்று அளவில் வலுவைக் கொட்டுகிறது. கைத்தொலைபேசி ஆகக் கூடினால் சராசரியாக ஒரு வாற்றின் கால் பங்கு அளவுதான் வெளியிடும். நீண்ட நேரம் கதைத்தால் காது சுடுகிறதே என்பார்கள். அந்தச் சூட்டில் பெரும்பங்கு பற்றரியிலிருந்தும் உள்ளே வேலை செய்யும் பாகங்களிலிருந்தும் வருவது.

சூட்டை வைத்துத்தான் எல்லையும் போட்டிருக்கிறார்கள். உடம்பு முழுவதும் ஒரு கிலோகிராமுக்கு 4 வாற்று வீதம் உறிஞ்சினால் உடல் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் கூடலாம். அயனாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு அதை 50ஆல் பிரித்து, பொதுமக்களுக்கு 0.08 வாற்று என்று 1998இல் எல்லை வைத்தது. 2020இல் வழிகாட்டலைப் புதுப்பித்தபோதும் அந்த எண்ணை மாற்றவில்லை. காதோடு வைக்கும் தொலைபேசிக்குத் தனி எல்லை உண்டு. தலையின் எந்தப் பத்துக் கிராம் இழையத்தை எடுத்தாலும் கிலோகிராமுக்கு 2 வாற்றைத் தாண்டக்கூடாது. அமெரிக்காவில் இன்னும் இறுக்கம். ஒரு கிராமுக்குக் கணக்கிட்டு 1.6 வாற்று.

கோபுரமா, கையிலிருப்பதா?

ஊரில் சண்டை கோபுரத்தைப் பற்றித்தான். கையிலிருப்பதைப் பற்றி யாரும் சண்டை பிடிப்பதில்லை. கணக்கைப் பார்த்தால் தலைகீழாக இருக்கிறது.

கோபுர அன்டெனாவை வெளிச்சவீட்டோடு ஒப்பிடலாம். வெளிச்சவீட்டின் ஒளி கடலை நோக்கித் தூரத்துக்குப் போகிறது. அதன் அடியில் நிற்பவனுக்கு இருட்டு. அன்டெனாவும் அலையைக் கிட்டத்தட்டக் கிடையாகத் தூரத்துக்கு அனுப்புகிறது. நேர் கீழே விழுவது கொஞ்சம். தூரம் கூடக்கூட அலையின் செறிவும் வெகுவாகக் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் செறிவு நாலில் ஒன்று. பத்து மடங்கானால் நூறில் ஒன்று.

ஒரு கணக்குப் போடுவோம். அன்டெனாவுக்கு 20 வாற்று கொடுத்து, அதை ஒரு திசையில் குவித்து, அத்திசையில் 1000 வாற்றுக்குச் சமமாக வருகிறது என்று வைப்போம். அதன் நேர் எதிரே 100 மீற்றர் தூரத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது ஒரு சதுர மீற்றருக்கு 0.008 வாற்று. 900 மெகாஹேர்ட்ஸுக்கான சர்வதேச எல்லை 4.5 வாற்று. ஒரே கோபுரத்தில் இப்படிப் பத்து அன்டெனாக்கள் ஒரே திசையில் இருந்தாலும் எல்லையின் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். உச்சிவெயிலில் நம் தலையில் விழும் சூரிய சக்தி சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1000 வாற்று.

இப்போது கையிலிருப்பதைப் பாருங்கள். அதன் வலு சிறிதுதான். ஆனால் அது நூறு மீற்றருக்கு அப்பால் இல்லை, காதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் கதைக்கும்போது தலை உறிஞ்சும் அளவு, கோபுரத்தால் கிடைப்பதைவிடப் பலநூறு மடங்காக இருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கூட்டத்தில் நான் சொல்ல வந்து சொல்லாமல் போனதும் இதுதான். கைத்தொலைபேசி எப்போதும் ஒரே வலுவில் வேலை செய்வதில்லை. கோபுரம் கிட்ட இருந்து சிக்னல் நன்றாகக் கிடைத்தால் மெதுவாகக் 'கதைக்கும்'. சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கினால் தூரத்திலிருப்பவரைக் கூப்பிடுவதுபோலக் கத்தும். இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் நூற்றுக்கணக்கான மடங்காகலாம். ஆகவே கோபுரத்தை ஊருக்கு வெளியே தள்ளினால், ஊரிலுள்ள ஒவ்வொரு தொலைபேசியும் காதருகே கூடுதல் வலுவில் வேலை செய்யும். பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்து நாம் எடுக்கும் முடிவு, அவர்கள் தலைக்குப் போகும் அலையைக் கூட்டிவிடலாம்.

கடைகளில் விற்கும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கரும் இப்படித்தான். அது அலையைத் தடுக்காவிட்டால் காசு வீண். உண்மையிலேயே தடுத்தால் தொலைபேசி இன்னும் பலமாகக் கத்தும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பௌதிகவியல் கணக்கு மட்டும் போதாது, மனிதர்களைப் பார்க்கவேண்டும் என்பது நியாயமான வாதம். பார்த்திருக்கிறார்கள். 13 நாடுகள் சேர்ந்து செய்த 'இன்டர்போன்' ஆய்வு 2010இல் வெளியானது. மொத்தத்தில் மூளைக் கட்டி கூடவில்லை. ஆனால் மிக அதிகமாகக் கதைத்த பத்து வீதத்தினரிடம் 'கிளையோமா' என்ற வகை 40 வீதம் அளவில் கூடுதலாகத் தெரிந்தது. ஆய்வாளர்களே அதை உறுதியாக ஏற்கவில்லை. நோய் வந்தவரிடம், பத்து வருடத்துக்கு முன்னர் நாளுக்கு எத்தனை மணித்தியாலம் கதைத்தீர்கள் என்று கேட்டால் அவர் நினைவிலிருந்துதான் சொல்லவேண்டும். சிலர் நம்பமுடியாத கணக்குகளைச் சொல்லியிருந்தார்கள்.

நினைவை நம்பாமல், நோய் வருவதற்கு முன்பிருந்தே பின்தொடரும் ஆய்வுகள் பின்னர் பலம் சேர்த்தன. டென்மார்க்கில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சந்தாதாரர்களின் பெயர்ப் பட்டியலைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள், கூடுதல் இல்லை. பிரித்தானியாவில் சுமார் 776,000 பெண்களைச் சராசரியாக 14 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. பாவித்தவர்களுக்கும் பாவிக்காதவர்களுக்கும் மூளைக் கட்டியில் வித்தியாசம் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் கேட்டுக்கொண்டதற்கிணங்க 63 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாக ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட மீளாய்வும், பத்து வருடத்துக்கு மேல் பாவித்தவர்களிடம்கூட மூளைப் புற்றுநோய் கூடவில்லை என்றது. கோபுரங்களுக்கும் ஒலிபரப்பு அன்டெனாக்களுக்கும் அருகில் வாழும் பிள்ளைகளிடமும் கூடுதலைக் காணவில்லை.

எதிர்ப் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் வெளியிட்ட எலி ஆய்வில், ஆண் எலிகளின் இதயத்தில் ஒரு வகைக் கட்டி கூடியது. ஆனால் அந்த எலிகளின் முழு உடம்பிலும், நாளுக்கு ஒன்பது மணித்தியாலம், இரண்டு வருடமாக அலையைப் பாய்ச்சினார்கள். உச்ச அளவு கிலோகிராமுக்கு 6 வாற்று. நமக்கான எல்லையின் 75 மடங்கு. அலை பாய்ச்சிய ஆண் எலிகள் பாய்ச்சாதவற்றைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்ததும் அதே ஆய்வில்தான். இதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. இல்லாததாகவும் ஆக்க முடியாது.

டவர் வந்ததிலிருந்து தலையிடி, நித்திரை இல்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வேதனை உண்மை. ஆனால் இப்படிப்பட்டவர்களை அழைத்து, அலை எப்போது போடப்படுகிறது என்று சொல்லாமல் திரும்பத் திரும்பச் சோதித்திருக்கிறார்கள். எப்போது அலை இருக்கிறது என்று அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. அலை இல்லாத நேரத்திலும் 'இருக்கிறது' என்று நம்பியபோது தலையிடி வந்தது. பயமும் ஆளை வருத்தும்.

'2பி' என்றால் என்ன?

கூட்டத்தில் ஓர் இளைஞர் தன் போனைத் திறந்து காட்டினார். "சேர், உலக சுகாதார ஸ்தாபனமே புற்றுநோய்ப் பட்டியலில் போட்டிருக்குது." உண்மை. அந்த ஸ்தாபனத்தின் கீழுள்ள, புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2011 மே மாதம் இந்த அலைகளை '2பி' பிரிவில், அதாவது 'புற்றுநோயை ஏற்படுத்தச் சாத்தியம் இருக்கலாம்' என்ற பிரிவில் சேர்த்தது.

பலருக்கு விளங்காத இடம் இது. அந்தப் பட்டியல் ஒரு பொருள் எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லவில்லை. அதற்கு எதிரான சாட்சி எவ்வளவு பலமானது என்றுதான் சொல்கிறது. 2பி என்றால் சாட்சி பலவீனம், ஆனால் வழக்கைத் தள்ளுபடி செய்ய முடியாது என்று அர்த்தம். அதே பிரிவில் கற்றாழையின் முழு இலைச் சாறும், ஆசிய முறையில் ஊறவைத்த மரக்கறியும் இருக்கின்றன. சாட்சி நிரூபணமான பிரிவு '1'. அங்கே புகையிலை இருக்கிறது. புகையிலை சேர்த்த வெற்றிலையும், சேர்க்காத வெற்றிலை பாக்கும், வெறும் பாக்கும் இருக்கின்றன. இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். கூட்டம் கலைந்து வெளியே வந்தவர்கள் கேற்றடியில் நின்று கோபுரத்தைப் பற்றித் தொடர்ந்து வாதித்தார்கள். அரைவாசிப் பேரின் கன்னம் வெற்றிலையால் உப்பியிருந்தது.

பேணுதலும் வஸ்வாஸும்

நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று பேணுதல். சந்தேகமான விடயத்தில் இலேசாகச் செய்யக்கூடிய தற்காப்பைச் செய்துகொள்வது. மற்றது வஸ்வாஸ். வுழு முறிந்ததோ என்று ஒரே உறுப்பைப் பத்துத் தடவை கழுவி, ஜமாஅத்தையே தவறவிடுவது. இரண்டும் வெளியில் ஒன்றுபோலத் தெரியும். பேணுதல் ஆளை அமல் செய்ய விடும்; வஸ்வாஸ் விடாது. செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குச் சொல்வதும், விசாரித்த பிறகு ஒரு முடிவோடு நிம்மதியாக இருப்பதற்குத்தான்.

இந்த விடயத்தில் பேணுதல் மிக இலேசு. நீண்ட நேரம் கதைப்பதென்றால் ஸ்பீக்கரில் போடுங்கள், அல்லது இயர்போன் பாவியுங்கள். காதிலிருந்து ஒரு சாண் தள்ளினாலே தலைக்குப் போவது பெருமளவு குறையும். சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும்போது கதையைச் சுருக்குங்கள். சுபஹுக்கு அலாரம் வைத்துத் தலையணைக்குக் கீழே போனை வைப்பவர்கள் அதை 'பிளைட் மோட்'டில் போட்டு மேசையில் வைக்கலாம், அலாரம் அடிக்கும். சார்ஜில் கிடக்கும் போனைத் தலையணைக்குக் கீழே வைப்பது அலையைவிட நெருப்புக்காகப் பயப்பட வேண்டிய விடயம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் போனை அதிலிருந்து 15 சென்ரிமீற்றராவது தள்ளி வைக்கவேண்டும். பிள்ளைகளுக்கு முன்னே நீண்ட ஆயுள் இருக்கிறது. அவர்கள் பாவிக்கப்போகும் வருடங்களும் நம்மைவிடக் கூட. அவர்களுக்குத் தேவையற்ற அழைப்புகளைக் குறைக்கும்படி பிரித்தானியாவின் ஸ்டுவர்ட் அறிக்கை 2000ஆம் ஆண்டே ஆலோசனை சொன்னது. அது இன்றைக்கும் நல்ல ஆலோசனை. பிள்ளையின் நித்திரையையும் ஓதலையும் கெடுப்பது அலை அல்ல, திரை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய ஆபத்து நம் வீதியில் தினமும் ஓடுகிறது. ஹெல்மட்டுக்குள் போனைச் செருகிக் கதைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகும் இளைஞர்களைக் காணாத நாள் இல்லை. தொலைபேசி பாவித்துக்கொண்டு வாகனம் ஓட்டுபவர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். இதற்கு ஒரு கூட்டமும் இதுவரை நாம் வைக்கவில்லை.

கோபுரம் வேண்டாம் என்று சொல்ல வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். ஜெனரேட்டர் சத்தம் தராவீஹுக்கு இடைஞ்சலா? அத்திவாரம் பலமானதா? மின்னல் பாதுகாப்பு உண்டா? வக்பு காணியை இப்படிக் கொடுக்கலாமா? இவை கேட்கவேண்டிய கேள்விகள். அலையைப் பற்றிச் சந்தேகம் என்றால், அன்டெனாவின் உயரம், திசை, வலு ஆகியவற்றைக் கம்பனியிடம் எழுத்தில் வாங்கலாம். அளந்து தரும்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். எங்கள் சபைக்கும் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். முடிவு அவர்களுடையது.

என் கூட்டாளியின் கேள்வி மிச்சம் இருக்கிறது. கூட்டம் நடந்து சில நாட்களில் அவருடைய வீட்டு விறாந்தையில் போய் இருந்தேன். சபையில் சொல்லாததை அங்கேதான் சொன்னார்.

"டவர் கட்டக்குள்ளயே வளவ வித்துப்போட்டுப் போவமெண்டு அவ கேட்டா மச்சான். நான்தான் வாப்பாட வளவு எண்டு மாட்டன் எண்டுட்டன். போயிருந்தா இண்டைக்கு இருந்திருப்பா."

கோபுரத்தின் மீது அவருக்கிருந்த கோபத்தைவிடத் தன்மீது அவருக்கிருந்த கோபம் பெரிது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மூளைக் கட்டி வரும் பெரும்பாலானவர்களுக்கு, ஏன் வந்தது என்று வைத்தியர்களால் சொல்ல முடிவதில்லை. நிச்சயமாகத் தெரிந்த காரணங்கள் சிலதான்: தலைக்குக் கூடுதலாகக் கொடுக்கப்பட்ட அயனாக்கும் கதிர்வீச்சும், அரிதான சில பரம்பரை நோய்களும். உன் மனைவிக்கு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருபோதும் இல்லை என்று அடித்துச் சொல்லும் பாஷை விஞ்ஞானத்திடம் இல்லை. ஆனால் இத்தனை இலட்சம் பேரைப் பார்த்த பிறகு ஒன்றைச் சொல்லலாம். நீ வளவை விற்றிருந்தால் அவ இருந்திருப்பா என்று நினைக்க ஒரு ஆதாரமும் இல்லை. அந்தப் பாரத்தை நீ சுமக்கத் தேவையில்லை.

அவர் கனநேரம் பேசவில்லை. பிறகு வெற்றிலை வட்டாவை என் பக்கம் தள்ளினார். அதைப் பற்றியும் நான் கதைத்திருக்க வேண்டும். அன்றைக்கு மனம் வரவில்லை. இதை அவர் வாசிப்பார் என்பதால் இங்கே எழுதியிருக்கிறேன்.